யார் வீட்டு அருவாள்?

“இளமாறன் அருவாளை ஓங்கினு வந்தான்மா. இன்ஸ்பெக்டர் தற்காப்புக்குத்தான் முழங்கால்ல சுட்டாரு” என்று சாட்சி சொல்லிவிட்டு, ஏட்டு வடிவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

மாஜிஸ்திரேட் சுந்தரவல்லி, மேசையிலிருந்த அருவாளை இளமாறனின் அம்மாவிடம் காட்டினார். “இது உங்க வீட்டு அருவாளா?”

“இல்லம்மா. இத்த நான் பாத்ததே இல்ல” என்றாள், வடிவேலுவின் தெருவில் மீன் விற்கும் அங்காளம்மா.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “எந்தத் தாய் மேடம் ஆமான்னு சொல்லுவா?”

மாஜிஸ்திரேட் அருவாளின் பிடியைத் திருப்பிப் பார்த்தார். “சுட்டதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதானே ஆயுத பூஜை? உங்க வீட்ல கும்பிட்டீங்களாம்மா?”

“எங்கேம்மா? வூட்டுக்காரர் செத்து இன்னும் வருசம் திரும்பல. எந்தப் பண்டிகையும் கும்புடல.”

“அப்போ இதுல சந்தனம், குங்குமம் வச்சது யாரு?”

வடிவேலு தன் மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். அங்காளம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தாம்மா வச்சேன்” என்றார் கடைசியில். “ஸ்டேஷன்ல நாங்க இளநி வெட்டுற அருவா இது. அன்னைக்கு எல்லாத்துக்கும் நான்தான் பொட்டு வச்சேன். அந்தப் புள்ளையச் சுட்ட துப்பாக்கிக்கும்.”