முதல் முறைப்பாடு

"கட்டின மனுசனுக்கு எதிராப் பொலிசிலை இருக்கிறாள் உங்கடை மருமகள்! கேள்விப்பட்டனீங்களோ?"

அடுத்த வீட்டு றெஜினா சொல்லி முடிக்கவில்லை. மியூரியல் ஓட்டோவில் ஏறிவிட்டாள்.

மகன் கெல்வின் ஓர் ஒன்லைன் பங்குத்தரகுக் கம்பனியின் ஏஜென்ட். போனிலேயே காசு கட்டலாம். ஆனால் உடுவில் ஊர்ச் சனத்துக்குப் போனை நம்பப் பயம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கவரில் வைத்து அவன் கையில் கொடுத்தார்கள். ரசீதா? தேவாலயப் பாடகர் குழுத் தலைவனான அவனிடம் யார் ரசீது கேட்பது!

அவன் ஒரு சதமும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பனியில்தான் கட்டினான். கம்பனி இழுத்து மூடப்பட்டது.

நட்டஈடு கொடுக்க வந்த அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். ரசீது இல்லாதவர்கள் ஏஜென்டுக்கு எதிராகப் பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஒருவரும் போகவில்லை. "எங்கடை பெடியனைப் பொலிசிலை பிடிச்சுக் குடுத்து எப்பிடி மறியலுக்கு அனுப்புறது?" என்று வீட்டுக்குள் இருந்து அழுதார்கள். போனது கெல்வினின் மனைவி நிஷானி மட்டும்தான்.

மியூரியல் போய் இறங்கியபோது, நிஷானி பொலிஸ் நிலைய மர வாங்கில் இருந்து முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

"எழும்படி! என்ரை பிள்ளையை உள்ளுக்குப் போட்டுத்தான், கம்பனியிலை போட அடகு வைச்ச உன்ரை நகையை மீட்கப் போறியோ?"

"எழுதி முடிச்சிட்டுத்தான் மாமி எழும்புவன்."

"வெக்கமில்லையோ உனக்கு?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஒருத்தரும் குடுக்காட்டி ஒருத்தருக்கும் ஒண்டும் கிடையாது. றெஜினா அக்கா மகளின்ரை கலியாணக் காசு முழுக்க அதுக்குள்ளைதான் போட்டவ."

"அதுக்கு என்ரை பிள்ளைதான் கிடைச்சவனோ? நீயெல்லாம் ஒரு பெண்டாட்டி!"

நிஷானியின் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு, பேனையை அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

அப்போது தண்ணீர்ப் போத்தலோடு கெல்வின் உள்ளே வந்தான். மியூரியல் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, உன்னைப் பிடிச்சிட்டாங்களோ?"

"இல்லையம்மா. இவவை நான்தான் மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வந்தனான். மாட்டன் எண்டு அழுதவ. வீட்டுக்காரியே குடுத்தால்தான் மற்றவை கூச்சப்படாமல் வருவினம் எண்டு நான்தான் கெஞ்சினனான்."

"உனக்கு மறியல் வந்தால்?"

"வரட்டும். என்னை நம்பித்தானே தந்தவை."

நிஷானிக்குப் பக்கத்தில் அம்மாவை மெதுவாக இருத்தி, பேனையை அவள் கையில் வைத்தான்.

"உங்கடை பென்சன் காசையும் என்னட்டைத்தானே தந்தனீங்கள்? எழுதுங்கோ, அம்மா."