செய்தவர் பெயர்

“இதை யாரும்மா செஞ்சது?”

“எங்க அப்பா சார்.”

நடுவர் வைத்தீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். தாம்பரத்தில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்பு ஓவியாவின் மேஜையில் ஒரு பேட்டரி, மூன்று எல்இடி விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர். ஒன்று பளிச்சென்றும், ஒன்று சுமாராகவும், மற்றது மங்கலாகவும் எரிந்தன.

“மஞ்சள், ஊதா, பழுப்புன்னு கோடு போட்ட இந்த ரெசிஸ்டர் எவ்வளவு?”

“நானூத்தி எழுபது ஓம் சார்.”

“இது இல்லாம நேரா பேட்டரியில குடுத்தா?”

“கரண்ட் அதிகமா பாஞ்சு லைட் கருகிடும். ரெசிஸ்டர் கரண்ட்டை அளவா விடும்.”

“அந்த லைட் ஏன் மங்கலா எரியுது?”

“அதுக்குப் பத்தாயிரம் ஓம் போட்டிருக்கு சார். தடை அதிகமானா கரண்ட் குறைஞ்சிடும்.”

“அப்பா நல்லாத்தான் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கார்.”

முதல் பரிசுக்கு எழுதியிருந்த மதிப்பெண்ணை அடித்தார்.

“போட்டி பசங்களுக்கும்மா. அப்பாக்களுக்கு இல்ல.”

ஓவியா தலை குனிந்துகொண்டாள்.

சற்று நேரத்தில், விஷயம் தெரிந்து அவளுடைய டீச்சர் கோகிலவாணி வேகமாக வந்தார்.

“சார், அது அவளே செஞ்சது. பத்து நாளா லேப்ல உக்காந்து சால்டரிங் பண்ணினா. நான் கூடவே இருந்தேன்.”

“அவளேதானே அப்பா செஞ்சார்னு சொன்னா?”

“அவ அப்பா சிவகுமார் எலக்ட்ரீஷியன் சார். போன வருஷம் பொத்தேரியில வேலை செஞ்சிட்டிருக்கும்போது, தெரியாம யாரோ மெயின் சுவிட்சைப் போட்டுட்டாங்க. ஷாக் அடிச்சு இறந்துட்டார்.”

வைத்தீஸ்வரன் பேனாவை மூடினார். மறுபடி அந்த மேஜைக்குப் போனார்.

“நீயே செஞ்சதை ஏம்மா அப்பா செஞ்சார்னு சொன்னே?”



“சர்டிபிகேட்ல செஞ்சவர்னு அப்பா பேரைப் போடுவீங்கன்னு நினைச்சேன் சார்.”

“அப்பா பேர் எதுக்கும்மா?”

“எங்க தெருவுல காட்டணும். வேலை தெரியாதவன், அதான் ஷாக் அடிச்சு செத்துட்டான்னு எல்லாரும் சொல்றாங்க சார்.”