தமிழ்வாணி காதுல தொங்குன வயரு

தமிழ்வாணி காதுல இன்னைக்கும் வயரு தொங்குச்சு.

சைக்கிள்ல போற புள்ள, ரெண்டு காதையும் இப்புடி அடைச்சுக்கிட்டா? பின்னால லாரி வந்தாலும் தெரியாது, எருமை மாட்டுல எமன் வந்தாலும் தெரியாது. பாத்த செல்வக்குமாருக்கு ரத்தம் கொதிச்சிருச்சு.

செல்வக்குமாரும் அவ தெருதான். பெயிண்டு கடை வச்சிருக்காரு. சுகரு ஏறிப்போச்சுன்னு டாக்டரு சொன்னதுல இருந்து கியரு சைக்கிளு, கையில உறை, தலையில கவுத்தி வச்ச சட்டி மாதிரி ஒரு ஹெல்மெட்டு. நத்தம் ரோட்டையே இவரு பேருக்கு எழுதி வச்சுட்ட மாதிரி நெனப்பு. தெரு வாட்ஸ்அப் குரூப்புல விடிஞ்சும் விடியாம இவரு குரல்தான். "ரோட்டுல கவனம் வேணும் மக்களே."

வேகமா மிதிச்சுப் போயி அவ பக்கத்துல சேந்துக்கிட்டாரு.

"ஏத்தா தமிழு."

அவ நேரா ரோட்டப் பாத்து மிதிச்சா.

"ஒன்னையத்தான். காத வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?"

அவ ரோட்டுல கெடந்த பள்ளத்த ஒதுக்கி வளைச்சு மிதிச்சா.

"பாட்டு கேக்கணும்னா வீட்டுல படுத்துக்கிட்டு கேளு. ரோடு என்ன ஒங்க மொட்டமாடியா?"

அம்புட்டுச் சத்தத்துக்கு முன்னால போன ஆட்டோக்காரரு திரும்பிப் பாத்தாரு. அவ திரும்பல. மிதிக்கிற வேகத்த மட்டும் கூட்டுனா. இவரும் கூட்டுனாரு. கியரு சைக்கிளாச்சே.

பால் கேனைத் தொங்கவிட்டுக்கிட்டு வண்டியில வந்த சோணை, இவரப் பாத்ததும் வேகத்தக் கொறச்சான். ஆக, ரோட்ட அடைச்சு மூணு பேரு.

"என்னண்ணே, யாரு கூட சண்ட?"

"சண்டையா? புத்தி சொல்லிக்கிருக்கேன் மாப்ள. காதுல விழுந்தாத்தான? இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு உசுரு அம்புட்டு எளக்காரமாப் போச்சு."

"போன மாசம் நம்ம தெரு பவதாரிணியையும் இப்புடித்தான பிடிச்சீக?"

"பிடிச்சேன். அவ அப்பன்ட்ட போயி ஒரே ஒரு வார்த்ததான் சொன்னேன். மறுநாளே சைக்கிள வித்துட்டான். இப்ப புள்ள வீட்டுல பத்திரமா இருக்கு."

"அது காலேஜு போய்க்கிருந்துச்சே அண்ணே."

"உசுரு இருந்தாத்தானடா காலேஜு. சாயங்காலம் இவ ஆத்தா ஒச்சாயிட்டயும் போயிச் சொல்லப் போறேன்."

"அது சும்மாவே வேலைக்கிப் போகாதங்குது. நீங்க சொன்னா அம்புட்டுத்தான்."

நெசந்தான். தல்லாகுளம் கோர்ட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில தமிழ்வாணிக்கு வேலை. வேலைய விட்டுட்டு மாப்ளைக்குக் கழுத்த நீட்டுன்னு ஒச்சாயி தெனமும் ஒரு சாக்குத் தேடிக்கிருக்கு. செல்வக்குமாரு போயி வாயத் தொறந்தா சைக்கிளும் போச்சு, வேலையும் போச்சு.

"அப்ப நான் வாரேண்ணே, பாலு திரிஞ்சுரும்"னு சோணை வண்டிய முறுக்கிக்கிட்டுப் போயிட்டான்.

செல்வக்குமாரு விடல. அவளுக்கு ஒட்டுனாப்புல மிதிச்சாரு. ரோட்டப் பாக்கல, அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வந்தாரு. புத்தி சொல்றது ஏறுதா இல்லையான்னு மூஞ்சியப் பாத்தாத்தான தெரியும்.

"கவனம்ங்கறது என்னன்னு தெரியுமாத்தா ஒனக்கு?"

அப்பப் பாத்து ஓரத்துல பிள்ளையாரு கோயிலு வந்துச்சு. மனுசன் ஹேண்டில்பாருல இருந்து ரெண்டு கையையும் எடுத்தாரு. கண்ண மூடுனாரு. கன்னத்துல போட்டுக்கிட்டாரு. கண்ணத் தொறந்ததும் மறுபடி அவ பக்கம் திரும்பி, "கவனம்ங்கறது..."ன்னு விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சாரு. சைக்கிளு அதுபாட்டுக்கு நடு ரோட்டுக்குப் போய்க்கிருந்துச்சு.

"மாமா, பின்னால பஸ்ஸு."

சொல்லும்போதே அவரு ஹேண்டில்பாரப் பிடிச்சு வெடுக்குன்னு தன் பக்கம் இழுத்தா. ரெண்டு சைக்கிளும் சிக்கிக்கிட்டு ஓரத்து மணல்ல சரிஞ்சுச்சு. உரசுனாப்புல ஒரு டவுன் பஸ்ஸு, விடாம ஹாரன அடிச்சுக்கிட்டே போச்சு. படியில நின்ன கண்டக்டரு எட்டிப் பாத்து, "யோவ் பெருசு, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"ன்னாரு.

செல்வக்குமாரு எந்திரிச்சு உக்காந்தாரு. ஹெல்மெட்டு ஒரு காதுப் பக்கமா எறங்கித் தொங்குச்சு. அப்பவும் வாய் மட்டும் நிக்கல.

"ஏத்தா, தொறந்த காதோட வாரேன், எனக்கே கேக்கல. பாட்டுக் கேட்டுக்கிட்டு வார ஒனக்கு எப்புடிக் கேட்டுச்சு?"

தமிழ்வாணி முழங்கையில ஒட்டுன மணலத் தட்டிக்கிட்டிருந்தா. விழுந்த வேகத்துல வயரு பையில இருந்து உருவிக்கிட்டு வெளிய கெடந்துச்சு. அந்த நுனியில போனும் இல்ல, ஒண்ணும் இல்ல.

"இது எதுலயும் சொருகல மாமா."

"சொருகலையா? பெறகு எதுக்கு மாட்டிக்கிட்டுத் திரியிற?"

அவ வயர எடுத்து மறுபடி காதுல மாட்டுனா. நுனியப் பைக்குள்ள தள்ளுனா. சைக்கிள நிமித்துனா.

"ஒத்தையில போற பொம்பளப் புள்ளைன்னா, பக்கத்துல ஒட்டிக்கிட்டுப் பேச்சுக் குடுக்கவே ரோட்டுல ஆளுக வாராக மாமா. அவுகளுக்குப் பதில் சொன்னா ரோட்டப் பாக்க முடியல. சொல்லாட்டி திமிருங்கிறாக. காதுல இதப் பாத்தா, சரி, இதுக்குக் கேக்காதுன்னு வெலகிப் போயிருவாக."

ஏறி உக்காந்து பெடல்ல கால வச்சா.

"ஆத்தாட்ட சொல்லப் போறீகள்ல, தாராளமாச் சொல்லுங்க. இத மாட்டுனதுக்குப் பெறகும் வெலகாம ஒட்டிக்கிட்டே வாரது நீங்க ஒராளுதான்னு, அதையுஞ் சேத்துச் சொல்லிருங்க."