முதல் பரிசு வாங்கிய மீட்டர்

புதிதாகக் கட்டிய குடியிருப்பு ஒன்றில், படிக்கட்டுக்குக் கீழே இரண்டு கரண்ட் மீட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மின்சாரத்தை எந்த வீடு சிக்கனமாகச் செலவு செய்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுக்க அதிகாரிகள் வந்தார்கள்.

இடது மீட்டருக்குப் பதற்றம். "எங்கள் வீட்டு நாச்சியாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஏசி வேண்டாம் என்றுவிட்டாள். டிவியைக்கூடப் போடுவதில்லை. ஆனால் இந்த வெயிலில் குழந்தைக்கு ஃபேனை எப்படி நிறுத்துவாள்?"

"நான் ஒரு யூனிட்கூட ஓடவில்லை அண்ணே" என்றது வலது மீட்டர். அந்த வீட்டை வாங்கியவர் வெளிநாட்டில் இருந்தார். இதுவரை யாரும் குடிவரவில்லை.

அதிகாரிகள் இரண்டையும் பார்த்தார்கள். "இவர்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி, பூட்டிய கதவில் முதல் பரிசுச் சான்றிதழை ஒட்டினார்கள். நாச்சியாரிடம், "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வாழ்த்துகள் தம்பி" என்றது இடது மீட்டர்.

வலது மீட்டர், "வீட்டில் ஆள் இருந்தால் எப்படி இருக்கும் அண்ணே?" என்று கேட்டது.

"அதை ஏன் கேட்கிறாய்? ராத்திரியெல்லாம் தூக்கமே இருக்காது."

"இங்கேயும் தூக்கம் வருவதில்லை" என்றது வலது மீட்டர்.