பேர் இல்லாத முயல்

ரோண்டா கதவை உள்ளங்கையால் அடித்தாள். மணியை அழுத்தக்கூடத் தோன்றவில்லை.

பின்னால் அவள் மகள் ஜோசி, முதுகில் பள்ளிப் பையோடு விம்மிக்கொண்டு நின்றாள். பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் காலிக் கூண்டைத்தான் முதலில் பார்த்தாள். நல்ல வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள் அம்மா. யாருக்கு என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டு டொரீன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் சொன்னாள். பச்சை டிரக்கில் வந்தது விர்ஜில். மலைப்பாம்பு வளர்க்கிற ஆள்.

ஈஸ்டர் முடிந்த மாதம். ஒஹாயோவில் முயல்களுக்கு அது கெட்ட நேரம். பண்டிகைக்குப் பிள்ளைகளுக்கு வாங்கிய குட்டிகள் வளர்ந்து ஒயரைக் கடிக்கும், கம்பளத்தை நாறடிக்கும். 'இலவசம், நல்ல வீட்டுக்கு மட்டும்' என்று ஆன்லைனில் விளம்பரம் போடுவார்கள். பெரிய பாம்புக்குத் தீனி வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

கதவு திறந்தது. டயர் ஃபேக்டரி மூடியதிலிருந்து வேலையில்லாத விர்ஜில், ஈரத் துணியும் கையுமாக நின்றார்.

"முயல் எங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜோசி அவரைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டாள். ஹாலில் சோஃபா இல்லை. சுவரை அடைத்து ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே தொடைப் பருமனில் பாம்பு. அதன் நடுவயிற்றில் ஒரு புடைப்பு.

ஜோசி அழுகையை நிறுத்திவிட்டாள். ரோண்டாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். ஏமாற்றுக்காரன் என்றாள். போலீசைக் கூப்பிடுவேன் என்றாள்.

"பிள்ளைங்க ஆசையா வளர்த்த ஜீவன். அதைப் பாம்புக்குப் போட்டுட்டு எப்படித் தூக்கம் வருது உங்களுக்கு?"

"அது சேவல்மா," என்றார் விர்ஜில். ஒரு கோழிப்பண்ணையில் கூண்டு கழுவப் போகிறாராம். மிஞ்சிய சேவல்களைக் கழுத்தைத் திருகிச் சும்மா தருவார்களாம்.

"அப்ப மஃபின் எங்க?" என்றாள் ஜோசி.

"மஃபினா?" அவர் ரோண்டாவைப் பார்த்தார். "பேரு இருந்துச்சா அதுக்கு?"

ரோண்டா குனிந்து ஜோசியின் பைப் பட்டையைச் சரிசெய்தாள்.

அவர் பதிலுக்குக் காத்திராமல் கொல்லைப்பக்கம் நடந்தார். அங்கே பழைய பலகையில் அடித்த கூண்டுகள். எல்லாவற்றிலும் முயல்.

"இதெல்லாம் பாம்புக்குன்னு வாங்கினதுதான். ஆனா பேரோட வந்ததைப் போட முடியல. கூப்பிட்டா திரும்பிப் பாக்குதுங்க. இப்ப இதுங்களுக்கும் சேர்த்து நான்தான் தீனி தேடறேன்."

ஜோசி ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தாள். மஃபின் இல்லை.

"பேர் இல்லாம வந்ததை?" என்றாள் ரோண்டா.

"அது பாம்புக்கு."

சொல்லிவிட்டு அவர் சமையலறைக் கதவைத் தள்ளினார். மேஜைக்கடியில், அவருடைய கோட்டின்மேல் உட்கார்ந்து மஃபின் கேரட் மென்றுகொண்டிருந்தது.

"வர்ற வழியெல்லாம் முன் சீட்டுல உக்காந்து போலீஸ்காரன் மாதிரி ரோட்டை மொறைச்சுக்கிட்டே வந்தான். வாய் சும்மா இருக்காம ஷெரிஃப்னு கூப்பிட்டுத் தொலைச்சேன். அப்புறம் எங்க போடறது?"

ஜோசி முயலை வாரி எடுத்துக்கொண்டாள். மூச்சு நிதானமானதும் தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, இவர் பாம்பு வளர்க்கிறவர்னு உனக்குத் தெரியுமா?"

ரோண்டா முயலின் காதைத் தடவினாள்.

"அம்மாவுக்கு எப்படித் தெரியும், கண்ணு?" என்றார் விர்ஜில். "நான்தான் மறைச்சுட்டேன். சொன்னா யாரு குடுப்பாங்க?"

"பொய் சொல்றது தப்பு," என்றாள் ஜோசி கண்டிப்பாக.

"தப்புதான்."

திரும்பும்போது ரோண்டா காரை மெதுவாக ஓட்டினாள். காலையில் அவள் வீட்டு வாசலில் நின்று அந்த மனுஷர் முதலில் சொன்னதே அதுதான். "மறைக்க மாட்டேன்மா, என்கிட்ட மலைப்பாம்பு இருக்கு. இந்த முயலுக்குப் பேரு வெச்சிருக்கீங்களா?"

"பேரெல்லாம் இல்லை," என்றிருந்தாள் அவள். "பொண்ணு வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போங்க."