மூடியை ஒட்டிய மாவு

மலிவான தகர டிரம்முக்குள் கரி புகைந்தது. உள்ளே கோழி தொங்கியது. மூடி சரியாக உட்காராததால் புகையெல்லாம் வெளியேறியது. வீட்டுக்காரி ராஹிலா, பிரியாணிக்குத் தம் போடுவதுபோல, விளிம்பைச் சுற்றி மைதா மாவை ஒட்டினாள்.

"என்னைப் பரோட்டாவுக்குப் பிசைஞ்சாங்க" என்றது மாவு.

"போயிடாதே. நீ இருந்தாத்தான் எனக்கு மரியாதை" என்று கெஞ்சியது டிரம்.

மாவு காய்ந்தது, கருகியது. பிடியை மட்டும் விடவில்லை.

கோழி பஞ்சாக வெந்திருந்தது. "இந்த விலைக்கு இப்படியொரு டிரம்மா" என்று விருந்தாளிகள் மெச்சினார்கள். பாராட்டு முழுவதையும் டிரம்மே வாங்கிக்கொண்டது. கரண்டியால் பெயர்த்த மாவு குப்பைக்குப் போனது.

அடுத்த விருந்துக்குப் புது மாவு வந்தது. விளிம்பில் ஒட்டியிருந்த கருகிய துணுக்கைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டது.

"யாருமில்ல, அழுக்கு" என்றது டிரம். "நீ போயிடாதே."