கறை போன கரண்டி

அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்காத கணவன், மனைவி வெளியூரிலிருந்து திரும்புவதற்குள் இரண்டு மரக்கரண்டிகளையும் பளிச்சென்று ஆக்கி வைத்திருந்தான்.

"ஒண்ணுல மஞ்சக் கறை அப்பிக் கிடந்ததே, எங்கே சொல்லு பார்ப்போம்! உப்பு சுரண்டும், எலுமிச்சை இளக்கும், மிச்சத்தை வெயில் வெளுத்துடும். அதே கையோட பாப்பாவுக்குக் கஞ்சியும் கிண்டிக் கொடுத்தாச்சு."

அவள் கைப்பை நழுவி விழுந்தது. "எந்தக் கரண்டியால?"

"ரெண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு. எதுவா இருந்தா என்ன?"

"ஐயோ, கறை இருந்தது நமக்கு வேர்க்கடலைக் குழம்பு கிண்டுற கரண்டிங்க. மரத்துக்குள்ள ஊறின எண்ணெய் கழுவினாலும் போகாது. பாப்பாவுக்குக் கடலை பட்டாலே மூச்சு முட்டுமே, மாறிடக் கூடாதுன்னுதான் கறையைத் தேய்க்காமலே வெச்சிருந்தேன்!"

அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

உள்ளேயிருந்து மகளின் குரல் கம்மலாக வந்தது. "அப்பா, தொண்டை என்னமோ பண்ணுதுப்பா."